ஆசையாக வளர்த்தது நம்மைக் கட்டிப்போட்டால்

2014 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எட்டரை மணிப் பூசை. சாமியார் அப்பத்தை உயர்த்திப் பிடித்திருக்கிறார், பீடச் சிறுவன் மணி அடிக்கிறான், கோயில் முழுக்க முழங்காலில் இருக்கிறது. நானும் முழங்காலில்தான் இருந்தேன். மனசு மட்டும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. திருச்சியில் ஏழு மணிக்கு ரேஸ் புறாக்களைத் திறந்து விட்டிருப்பார்கள். வாடைக்காற்று பின்னாலிருந்து தள்ளும். மணிக்கு 70 கிலோமீட்டர் என்று வைத்தால் இந்நேரம் கமுதி பக்கம் வந்திருக்கும். பத்தரைக்குள் நம் மொட்டை மாடியில் இறங்கிவிடும். மணிச் சத்தம் எப்போது நின்றது என்றே தெரியவில்லை. பக்கத்தில் மகள் எழுந்து நின்றதைப் பார்த்துத்தான் நானும் எழுந்தேன். நன்மை வாங்க வரிசை நகரத் தொடங்கியதும் பக்கவாசல் வழியாக வெளியேறி வீட்டுக்கு ஓடினேன்.

நான் தூத்துக்குடிக்காரன். ஒரு கப்பல் ஏஜென்சியில் எழுத்தர் வேலை. 20 வருடத்துக்கு மேலாக ஹோமர் புறா, அதாவது தூரத்தில் கொண்டுபோய் விட்டாலும் வீடு தேடிப் பறந்து வரும் பந்தயப் புறா, வளர்க்கிறேன், இன்றும் வளர்க்கிறேன். நடுவில் ஆறேழு வருடம் என் சம்பளம், என் வீடு, என் ஜெபம் எல்லாவற்றையும் அந்தக் கூண்டுக்குள் கொண்டுபோய்ப் போட்டேன். அதிலிருந்து எப்படி மீண்டேன், எதில் தவறினேன், எந்த வரிசையில் செய்திருந்தால் சீக்கிரம் மீண்டிருப்பேன் என்பதைக் கத்தோலிக்கர்களுக்காக எழுதுகிறேன். உங்கள் வீட்டில் அது புறாவாக இல்லாமல் மீன் தொட்டியாக, புல்லட்டாக, ஜிம்மாக, செல்போன் விளையாட்டாக இருக்கலாம். கோயில் பாடகர் குழுவாகக்கூட இருக்கலாம்.

ஆசைப்படுவது பாவம் இல்லை

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. பக்தியான வீடுகளில்தான் இந்தக் குழப்பம் அதிகம். ஜெபமாலை சொல்லாத நேரமெல்லாம் வீண் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். திருச்சபை அப்படிச் சொல்லவில்லை.

5-ஆம் நூற்றாண்டில் யோவான் காசியான் என்ற துறவி, எகிப்தின் பாலைவனத் தந்தையர்களோடு நடந்த உரையாடல்களை எழுதி வைத்தார். அதில் ஒரு கதை வருகிறது. நற்செய்தியாளர் யோவான் ஒரு கௌதாரியைக் கையில் வைத்துத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த வழியாக வந்த வேட்டைக்காரர் ஒருவர், இவ்வளவு பெரிய மனிதர் இப்படிச் சின்ன விஷயத்தில் பொழுதைப் போக்கலாமா என்று கேட்டார். உன் கையில் இருப்பது என்ன என்று யோவான் திருப்பிக் கேட்டார். வில். அதை ஏன் எப்போதும் நாணேற்றியே வைத்திருக்கவில்லை? வைத்தால் விறைப்புப் போய்விடும், தேவைப்படும் நேரத்தில் அம்பு பாயாது. என் மனசும் அப்படித்தான் என்றார் யோவான். 13-ஆம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் இந்தக் கதையின் இன்னொரு வடிவத்தை எடுத்துக்காட்டி, உடலுக்கு ஓய்வு தேவைப்படுவதுபோல ஆன்மாவுக்கும் ஓய்வு வேண்டும், அளவோடு விளையாடத் தெரிவதே ஒரு நற்பண்பு என்று எழுதினார்.

இந்தக் கதையை முதன்முதலில் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. பறவையைக் கையில் பிடிப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். இரண்டு கால்களும் நம் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் இருக்க வேண்டும், கட்டைவிரல் இறக்கை நுனிகளின் மேல், நெஞ்சு உள்ளங்கையில். இறுக்கக் கூடாது. சரியாகப் பிடித்தால் அதன் இதயம் படபடவென்று அடிப்பது கைக்குத் தெரியும், கொஞ்ச நேரத்தில் அது அடங்குவதும் தெரியும். இயேசுவின் நெஞ்சில் சாய்ந்த மனிதரின் கை அந்த அடிப்பை அறிந்திருக்கிறது.

கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2418-ஆம் எண்ணில் இதற்கு ஒரு எல்லையும் போடுகிறது. விலங்குகளை நேசிக்கலாம், ஆனால் மனிதர்களுக்கே உரிய பாசத்தை அவற்றின் பக்கம் திருப்பிவிடக் கூடாது. மனிதத் துயரைத் துடைக்க முதலில் போக வேண்டிய பணத்தை அவற்றுக்குச் செலவிடுவது தகாது. "விலங்குகள்" என்ற இடத்தில் உங்கள் பொழுதுபோக்கைப் போட்டு ஒரு தடவை வாசித்துப் பாருங்கள்.

எதை வைத்துக் கண்டுபிடிப்பது

நேரத்தை வைத்து அளக்காதீர்கள். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் தினமும் 4 மணி நேரம் செடிகளோடு இருப்பார். வாசலில் யாராவது கூப்பிட்டால் மண்வெட்டியை அப்படியே போட்டுவிட்டு வந்து உட்கார்ந்து பேசுவார். நான் மாடியில் இருந்தது ஒன்றரை மணி நேரம்தான். ஆனால் அந்த ஒன்றரை மணி நேரத்தில் என்னை யாரும் கூப்பிட முடியாது. மீதி நேரமும் நான் மாடியில்தான் இருந்தேன், உடம்பு மட்டும் கீழே.

ஜெபத்துக்குள் அது நுழைகிறதா என்று பாருங்கள். புனித பிரான்சிஸ் அசிசியார் ஒரு தவக்காலத்தில் ஓய்வு நேரங்களில் ஒரு சின்னப் பாத்திரம் செய்துகொண்டிருந்தார். காலை ஜெபம் சொல்லும்போது அவர் கண் அந்தப் பாத்திரத்தின் மேல் போயிற்று, மனசும் கூடவே போயிற்று. ஜெபம் முடிந்ததும் அதை நெருப்பில் போட்டுவிட்டார். ஒரு தடவை பராக்குப் போனதற்கே அப்படிச் செய்தாரே என்று பயப்பட வேண்டாம். பராக்கு எல்லாருக்கும் வரும். ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்துக்குப் போகிறதா என்பதுதான் கேள்வி.

இரண்டாவது அடையாளம், நம் பொழுதுபோக்கு அடுத்தவர் உடம்பைக் கெடுக்கும்போது நாம் என்ன செய்கிறோம் என்பது. 2013 மழைக்காலத்தில் என் மனைவிக்கு வறட்டு இருமல் வந்து நிற்கவே இல்லை. நெஞ்சு டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, வீட்டில் புறா இருக்கிறதா என்பதுதான். புறாவின் இறகில் மெல்லிய வெள்ளைப் பொடி இருக்கும். அதுவும் எச்சத் தூசும் சிலருடைய நுரையீரலில் ஒவ்வாமை அழற்சியை உண்டாக்கும், நாள்பட்டால் நுரையீரல் தழும்பேறிவிடும். எங்கள் படுக்கையறை ஜன்னலுக்கு நேர் மேலே கூண்டு. அதை மாடியின் அந்தக் கோடிக்கு மாற்றுவது ஒரு நாள் வேலை. நான் மூன்று வாரம் மாற்றவில்லை. ஒரு நல்ல ஜோடி அடையில் இருந்தது. முட்டை பொரிய 18 நாள்தானே, இப்போது கூண்டை அசைத்தால் அடையை விட்டு எழுந்துவிடும் என்று அவளிடமே சொன்னேன். அவள் சரி என்றாள். இரவு முழுக்க இருமிக்கொண்டே இருந்தாள். இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது. கடவுள் அருளால் இன்று அவளுக்குச் சுகம்.

மூன்றாவது, மறைப்பது. என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் உறுதியான அடையாளம். சென்னையிலிருந்து ஒரு ஜோடி வரவழைத்தேன். ஆம்னி பஸ்ஸில் அட்டைப் பெட்டியில் வந்தது. விலை 18,000 ரூபாய். மகளின் படிப்புக்காகச் சேர்த்த சீட்டுப் பணத்திலிருந்து எடுத்தது. பெட்டியில் போட்டிருந்த ஓட்டைகள் வழியாக மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "அழகா இருக்கே, எவ்வளவுங்க?" என்று கேட்டாள். ஆசையாகத்தான் கேட்டாள். சண்டைக்கு வரவில்லை. நான் "மூவாயிரம்" என்றேன். யோசிக்கவே இல்லை, வாயிலிருந்து அப்படியே வந்தது.

புனித லொயோலா இஞ்ஞாசியார் தன் ஆன்மிகப் பயிற்சிகள் நூலில் இதைச் சொல்லி வைத்திருக்கிறார். கெட்ட எண்ணத்தோடு ஒரு பெண்ணிடம் பழகுகிறவன், நாம் பேசியதை உன் அப்பாவிடம் சொல்லாதே, உன் கணவனிடம் சொல்லாதே என்பான். சாத்தானும் அப்படித்தான், விஷயம் வெளியே வராத வரைக்கும்தான் அவனுக்குப் பலம். அன்று என் வாயில் "மூவாயிரம்" என்று வந்த நிமிடத்தில் புறா வளர்ப்பு பொழுதுபோக்காக இருப்பது முடிந்துவிட்டது. நீங்கள் கடைசியாக எந்தத் தொகையை, எந்த நேரத்தை, எந்தப் பயணத்தைக் குறைத்துச் சொன்னீர்கள் என்று யோசியுங்கள். அந்தத் தேதியிலிருந்து எண்ணத் தொடங்குங்கள்.

பந்தயத்தில் பணம் கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பந்தயம் கட்டுவது தன்னளவில் அநீதி என்று திருச்சபை சொல்லவில்லை. தனக்கோ குடும்பத்துக்கோ தேவையானதைப் பறிக்கும்போது அது ஏற்கத் தகாதது, சூதாட்ட மோகம் மனிதனை அடிமையாக்கும் என்று மறைக்கல்வி நூல் 2413-இல் சொல்கிறது. நான் பணம் கட்டியதில்லை. கட்டிய நண்பர்கள் வீட்டில் நடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

நான் செய்த பெரிய தவறு

2015 தவக்காலத்தில் பங்கில் மூன்று நாள் தியானம் நடந்தது. கடைசி நாள் இரவு அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். மறுநாளே கோவில்பட்டிக்காரர் ஒருவருக்கு 43 புறாக்களையும் 12,000 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டேன். கூண்டைப் பிரித்தேன். இனிமேல் புறாவைத் தொட மாட்டேன் என்று பனிமய மாதா முன்னால் சத்தியமும் செய்தேன்.

ஹோமர் புறா பற்றித் தெரிந்தவர்களுக்கு அடுத்து என்ன நடந்திருக்கும் என்று தெரியும். வளர்ந்த ஹோமரை விற்றால் அது புதுக் கூண்டில் பழகாது. அதை அடைத்து வைத்துக் குஞ்சு மட்டும்தான் எடுக்க முடியும். வெளியே விட்டால் பிறந்த மாடியைத் தேடிப் பறந்து வந்துவிடும். கோவில்பட்டி எங்கள் மாடியிலிருந்து நேர்வழியில் 55 கிலோமீட்டர் இருக்கும், ஹோமருக்கு அது ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற தூரம். அவர் இறக்கையைக் கட்டித்தான் வைத்திருந்தார். ஜூன் மாதத்தில் கட்டை அவிழ்த்து வெளியே விட ஆரம்பித்தார். ஒவ்வொன்றாக வந்தன. விடியற்காலையில் மொட்டை மாடிக் கதவைத் திறந்தால், கூண்டு இருந்த வெறும் சிமெண்டுத் தரையில் நின்றுகொண்டு என்னைப் பார்க்கும். மொத்தம் 11 வந்தன.

அவர் போன் செய்தார். "அண்ணாச்சி, உங்க பக்கம் ஏதாவது வந்துச்சா?" வரவில்லை என்றேன். அன்று மாலையே பலகை வாங்கிக்கொண்டு வந்து கூண்டு அடித்தேன். கிறிஸ்துமஸுக்குள் 60 புறா ஆகிவிட்டது.

இஞ்ஞாசியார் தன் நூலின் தொடக்கக் குறிப்புகளிலேயே இதற்கு எச்சரிக்கை வைத்திருக்கிறார். பயிற்சி செய்கிறவர் மிகுந்த ஆறுதலிலும் உருக்கத்திலும் இருந்தால், அந்த வேகத்தில் அவசரப்பட்டு வாக்குறுதி எதுவும் கொடுத்துவிடாதபடி வழிகாட்டுகிறவர் அவரைத் தடுக்க வேண்டும் என்கிறார். ஆகவே தியானத்திலிருந்து வந்த கையோடு எதையும் விற்காதீர்கள், உடைக்காதீர்கள், அழிக்காதீர்கள். செல்போன் விளையாட்டு, சூதாட்டச் செயலி என்றால் அது வேறு, அதை இன்றைக்கே அழிக்கலாம். மற்றபடி ஒரு மாதம் பொறுங்கள். அந்த மாதத்தில் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது.

ஒரு நோட்டுப் புத்தகம்

40 பக்க நோட்டு போதும். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று பத்தி போடுங்கள். எவ்வளவு நேரம், எவ்வளவு பணம், யார் காத்திருந்தார்கள்.

மூன்றாவது பத்திதான் என்னைத் திருப்பியது. 2016 தவக்காலத்தில் நான் எழுதிய ஒரு பக்கம் இப்போதும் இருக்கிறது. "செவ்வாய். 2 மணி 40 நிமிடம். தீனி 620 ரூபாய். மகள், கணக்குப் பாடம் கேட்க வந்து திரும்பிப் போனாள். அம்மா, மாத்திரை வாங்கி வரச் சொன்னது மறந்துவிட்டது." அடுத்த நாளும் மகள். அதற்கு அடுத்த நாளும் மகள். வெள்ளிக்கிழமைக்கு மேல் அந்தப் பத்தியில் மகள் பெயர் வரவில்லை. திருந்திவிட்டேன் என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, அவள் கேட்க வருவதை நிறுத்திவிட்டாள்.

இதை எழுதுவதற்கு நல்ல நேரம் இரவு, ஆன்ம சோதனையோடு சேர்த்து. இஞ்ஞாசியார் சொல்லும் ஐந்து படிகள் எளியவை. நன்றி சொல்வது, ஒளி கேட்பது, நாளை மணிக்கணக்காகத் திரும்பிப் பார்ப்பது, மன்னிப்புக் கேட்பது, நாளைக்கு என்ன என்று தீர்மானிப்பது. பத்து நிமிடம் போதும். முதல் படியைத் தாண்டிப் போகாதீர்கள். அன்று வானத்தில் புறா திரும்பிய அழகுக்கும் நன்றி சொல்லுங்கள். அது உண்மையாகவே கடவுள் கொடுத்தது. ஒரே ஒரு நிபந்தனை, மாடியில் கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதைச் செய்யாதீர்கள்.

எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது

உயிரினம் வளர்க்கிறவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் வரும். நோன்பு என்று சொல்லிப் புறாவைப் பட்டினி போட முடியாது. எனக்கு வழிகாட்டிய சாமியார் அதைப் பிரித்துக் கொடுத்தார். தீனி, தண்ணீர், கூண்டு சுத்தம், நோய்க்கு மருந்து, இவை கடமை. ரேஸ், புது ஜோடி தேடுவது, மற்றவர் கூண்டுகளைப் பார்க்க ஊர் ஊராகப் போவது, ராத்திரி 12 மணி வரை புறா வீடியோ, இவை ஆசை. 40 நாள் ஆசையை மட்டும் நிறுத்தினேன். கடமை 35 நிமிடத்தில் முடிந்துவிட்டது. மிச்ச நேரமெல்லாம் எங்கே போய்க்கொண்டிருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

உங்கள் பொழுதுபோக்கையும் இப்படிப் பிரித்துப் பாருங்கள். பல பேருக்கு அந்த வேலையைவிட அதைச் சுற்றியுள்ள தேடலும் வாங்கலும் ஒப்பீடும்தான் பிடித்து வைத்திருக்கும்.

புனித சிலுவை யோவான் சொன்ன உவமை புறாக்காரர்களுக்கென்றே சொன்னதுபோல இருக்கும். பறவையை மெல்லிய நூலால் கட்டினால் என்ன, தடித்த கயிற்றால் கட்டினால் என்ன, அறுக்காத வரைக்கும் அது பறக்கப் போவதில்லை. ஊருக்குள் திரியும் புறாக்களின் கால் விரலில் நூலோ தலைமுடியோ சுற்றிக்கொள்வதை நாங்கள் அடிக்கடி பார்ப்போம். ஆரம்பத்தில் தெரியாது. பிறகு விரல் வீங்கும், கறுக்கும், கடைசியில் உதிர்ந்துவிடும். எடுப்பதற்கு வெதுவெதுப்பான தண்ணீரில் காலை ஊறவைத்து, சின்னக் கத்தரிக்கோலால் இழை இழையாக வெட்ட வேண்டும். ஒரு ஆளால் முடியாது. ஒருவர் பிடிக்க வேண்டும், ஒருவர் வெட்ட வேண்டும்.

ஆகவே அடுத்த ஆளிடம் போங்கள்.

பாவசங்கீர்த்தனத்தில் என்ன சொல்வது

"சாமி, நான் ரொம்பப் புறா வளர்க்கிறேன்" என்று சொன்னால் சாமியாருக்கு ஒன்றும் புரியாது. நான் முதல் தடவை அப்படித்தான் சொன்னேன், அவர் சிரித்துவிட்டு மூன்று அருள்நிறை மந்திரம் கொடுத்து அனுப்பினார். அவர்மேல் தப்பில்லை. கட்டளைகளின்படி சொல்லுங்கள். எத்தனை ஞாயிறு பூசைக்குப் போகவில்லை. யாரிடம் எவ்வளவு தொகைக்குப் பொய் சொன்னேன். யாருக்குச் சேர வேண்டிய பணத்தை எடுத்தேன். தொந்தரவு செய்ததற்காக யாரை அடித்தேன், யாரைத் திட்டினேன். எண்ணிக்கையோடு சொன்னால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். பழக்கத்தின் பிடி ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கலாம், சில நேரம் இல்லாமலேகூட ஆக்கலாம் என்று மறைக்கல்வி நூலே ஒத்துக்கொள்கிறது. அந்தக் கணக்கை நீங்கள் போட வேண்டாம். நடந்ததைச் சொல்லுங்கள் போதும்.

கோவில்பட்டி விஷயத்தைச் சொன்னபோது சாமியார் ஒரு கேள்வி கேட்டார். "அந்த 11 புறா இப்போ யாருடையது?" எனக்கு வாய் வரவில்லை. எடுத்ததைத் திருப்பிக் கொடுத்து ஈடு செய்வது நீதியின் பகுதி, மனம் வருந்தினால் மட்டும் போதாது என்று விளக்கினார். பாவமன்னிப்பு வாங்கிக்கொண்டு, அடுத்த சனிக்கிழமை இரண்டு கூடைகளோடு கோவில்பட்டிக்குப் போனேன். அதற்குள் இரண்டு புறா செத்துப் போயிருந்தன, அவற்றுக்கு அவர் கேட்ட விலையைக் கொடுத்தேன். அவர் கோபப்படவில்லை. "நீங்க சொல்லாமலே எனக்குத் தெரியும் அண்ணாச்சி, ஹோமர் வேற எங்க போகும்" என்றார்.

சிலருக்கு எதிர்ப்பக்கத்தில் ஆபத்து வரும். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லத் தோன்றும், செடிக்குத் தண்ணீர் ஊற்றியதுகூடப் பாவமாகத் தெரியும். ஸ்பெயின் நாட்டு மன்ரேசாவில் இஞ்ஞாசியாருக்கே அந்தத் துன்பம் வந்து, உயிரை விட்டுவிடலாமா என்கிற அளவுக்குப் போயிருக்கிறார். ஒரே சாமியாரிடம் தொடர்ந்து போங்கள், அவர் "இது முடிந்தது, மறுபடி சொல்லாதே" என்றால் கீழ்ப்படியுங்கள்.

பாடகர் குழுவைப் பற்றி முன்னால் சொன்னேனே, அதுவும் இஞ்ஞாசியாரிடமிருந்துதான். பார்சலோனாவில் லத்தீன் படிக்க உட்காரும்போதெல்லாம் அவருக்கு ஆன்மிக இன்பமும் புதுப் புது ஞானமும் பொங்கி வரும். பூசையிலும் ஜெபத்திலும்கூட அந்த அளவுக்கு வராது. பாடம் மண்டையில் ஏறாது. இது சோதனை என்று கண்டுகொண்டு, இனி ஒரு வகுப்பையும் தவறவிட மாட்டேன் என்று ஆசிரியரிடம் போய் வாக்குக் கொடுத்தார். வீட்டில் அடுப்பு எரியாமல் இருக்கும்போது கோயில் ஒத்திகையில் இருப்பவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

சாமியார் போதாமல் போகும் இடமும் உண்டு. தூக்கம் போய்விட்டது, வேலைக்குப் போக முடியவில்லை, எத்தனை தடவை தீர்மானித்தும் கை நிற்கவில்லை, சாகலாம்போல் இருக்கிறது என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அது விசுவாசக் குறைவு ஆகாது. வீடியோ விளையாட்டு அடிமைத்தனத்தை உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்ற நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. கட்டுப்பாடு இழப்பது, மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக அதை வைப்பது, கேடு வந்த பிறகும் தொடர்வது, இவை அதன் அடையாளங்கள். இந்தியாவில் 14416 என்ற எண்ணுக்கு இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள். பிள்ளைகளுக்கு அறிவுரை சொல்லும் பெற்றோருக்கு ஒரு தகவல்: 2025 செப்டம்பரில் புனிதராக அறிவிக்கப்பட்ட கார்லோ அக்குதிஸ் வீடியோ விளையாட்டை வெறுத்தவர் அல்ல. வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்று தனக்குத்தானே எல்லை போட்டுக்கொண்டவர்.

வீட்டில் இருப்பவர்கள்

இதை என் மனைவியைக் கேட்டு எழுதுகிறேன். அவள் சொன்னது: "புறாவா நானா என்று கேட்கக் கூடாது. கேட்டால் பதில் வந்துவிடும், அப்புறம் அந்தப் பதிலோடு வாழணும்." அவள் அப்படிக் கேட்டதில்லை. நான் 18,000 ரூபாய் உண்மையைச் சொன்ன இரவு அவள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, கணக்கை இனி நான் பார்க்கிறேன் என்றாள், ஞாயிறு காலை எனக்கும் பிள்ளைக்கும் வேண்டும் என்றாள், 12 புறாவுக்கு மேல் வேண்டாம் என்றாள். மூன்றும் அளக்கக்கூடியவை. "திருந்தணும்" என்பதை அளக்க முடியாது.

சாமி தண்டிப்பார் என்று பயமுறுத்தாதீர்கள். ஆசையில் மாட்டிக்கொண்டவர் வீட்டில் இல்லாத நேரத்தில் அவருடைய பொருட்களைத் தூக்கிப் போடாதீர்கள். காலியாகும் நேரத்தை எதைக் கொண்டாவது நிரப்ப உதவுங்கள். எனக்கு வின்சென்ட் தே பால் சபையில் சனிக்கிழமை வேலை கொடுத்தார்கள், ஏழைக் குடும்பங்களுக்கு அரிசி கொண்டுபோய்க் கொடுப்பது. ரேஸ் நாளுக்கு ஊர்ஊராகப் போன அதே மோட்டார் சைக்கிள்தான்.

மறுபடியும் வந்தால்

வரும். ஒன்றிரண்டு மாதம் கழித்தோ, வருடங்கள் கழித்தோ வரும். வந்த அன்றே யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்பதை மட்டும் முன்கூட்டியே முடிவு செய்து வையுங்கள்.

2018 நவம்பரில் ஒரு விடியற்காலை, மாடிக் கதவைத் திறந்தேன். இரண்டு கறுப்புப் பட்டை போட்ட சாம்பல் நிறப் பெட்டை ஒன்று கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்தது. காலில் என் வளையம். நான் கோவில்பட்டியில் திருப்பிக் கொடுத்தவற்றில் ஒன்று, என் கையில் வளர்ந்த குஞ்சு, திருச்சியிலிருந்து முதலாவதாக வந்து சேர்ந்தது. கையை நீட்டினேன், தயங்காமல் ஏறிக்கொண்டது. கூண்டில் அப்போது சரியாக 12 புறா.

கீழே இறங்கி மனைவியிடம் காட்டினேன். அவள் அதன் தலையைத் தடவிவிட்டு, "போன் பண்ணீட்டீங்களா?" என்று கேட்டாள். அங்கேயே நின்று போன் செய்தேன். அவர் வீட்டுப் பையன் கூண்டுக் கதவைத் திறந்து போட்டுவிட்டானாம். வேண்டுமானால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் அண்ணாச்சி என்றார். இல்லை, கொண்டு வருகிறேன் என்றேன். சனிக்கிழமை காலை கூடையில் கொஞ்சம் கம்பு போட்டு, மூடியைக் கட்டி, புதிய பேருந்து நிலையத்தில் கோவில்பட்டி பஸ் ஏறினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கூடையை மடியில் வைத்துக்கொண்டேன்.